குழி ஆடி தேய்க்க மாவட்டத்துக்கு ஓர் அறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், தொலைநோக்கி வாங்க விரும்பும் பெற்றோருக்கான யோசனைகள் அண்மையில் வெளிவந்திருந்தன. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் உருப்பெருக்க எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம் என்ற எச்சரிக்கை மிகவும் தேவையானது. முன்புற லென்ஸின் விட்டம் 60 மில்லிமீட்டராக இருந்தால் சுமார் 120 மடங்குக்கு மேல் எதுவும் உருப்படியாகத் தெரியாது என்பதே உண்மை. எனினும், கட்டுரை முழுவதும் வாங்குவதைப் பற்றியே பேசியது. தொலைநோக்கியை, அதிலும் அதன் உயிர்நிலையான குழி ஆடியை (நடுவில் குழிந்து, ஒளியைத் திருப்பிக் குவிக்கும் கண்ணாடியை), வீட்டிலேயே கையால் தேய்த்துச் செய்துகொள்ள முடியும் என்ற செய்தி அதில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், மாணவர்களோடு சேர்ந்து ஆடி தேய்த்திருக்கிறேன். அந்த உரிமையில், அரசும் அறிவியல் நிறுவனங்களும் கவனிக்க வேண்டிய ஒரு கோரிக்கையைத் தங்கள் வாயிலாக முன்வைக்கிறேன். மாவட்டத்துக்கு ஓர் ஆடி தேய்க்கும் அறை வேண்டும். அங்கே உருவாகும் ஆடிகளுக்கு அலுமினியப் பூச்சு போட்டுத் தர ஒரு வழியும் வேண்டும்.

இது ஏதோ ஒரு சிலரின் பொழுதுபோக்குக்கான சலுகை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, தொலைநோக்கி கடந்து வந்த பாதையைச் சற்று விரிவாகவே நினைவூட்ட விரும்புகிறேன். 1608 அக்டோபரில், நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்து வந்த ஹான்ஸ் லிப்பர்ஹே, தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் கருவிக்குத் தனியுரிமை கேட்டு அரசிடம் விண்ணப்பித்தார். சில வாரங்களுக்குள் வேறு சிலரும் அதே கருவிக்கு உரிமை கோரினார்கள். இவ்வளவு எளிதாகப் பிறரும் செய்துவிடக்கூடிய ஒன்றுக்குத் தனியுரிமை தருவதற்கில்லை என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு உலகுக்குப் பெரும் நன்மையாக முடிந்தது என்றே நான் கருதுகிறேன். அடுத்த ஆண்டே இத்தாலியில் கலிலியோ, செய்தியைக் கேள்விப்பட்ட மாத்திரத்தில் தாமே ஒன்றைச் செய்துகொண்டார். முதலில் 3 மடங்கு, பிறகு 8 மடங்கு, ஆண்டு முடிவதற்குள் 20 மடங்கு என்று அவருடைய கருவிகள் வளர்ந்தன. 1610 ஜனவரி 7 அன்று வியாழன் கோளின் அருகே அவர் கண்ட சிறு ஒளிப்புள்ளிகள், அவர் கையால் தேய்த்த கண்ணாடியின் வழியே தெரிந்தவை.

1609 நவம்பரில் தமக்கு வந்த ஒரு கடிதத்தின் மேல் கலிலியோ குறித்து வைத்த சாமான் பட்டியல் இன்றைக்கும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பீரங்கிக் குண்டுகள், வெள்ளீயத்தில் செய்த, ஆர்கன் என்னும் இசைக்கருவியின் குழாய், ஜெர்மன் கண்ணாடி, பளிங்குத் துண்டுகள், மெருகுத் தூள், கீல் எனும் தார் போன்ற பிசின் ஆகியவை அதில் இருக்கின்றன. அரிசி, கொண்டைக்கடலை, சர்க்கரை, மிளகு, மகனுக்குத் தொப்பியும் செருப்பும்கூட இருக்கின்றன. லென்ஸில் குழி தேய்ப்பதற்கு உருண்டையான குண்டு, குழாய்க்கு ஆர்கன், மெருகுக்குக் கீல் என்று அவர் எதை எதற்காகத் தேடினார் என்பது தேய்த்துப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். கலிலியோ தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்தார் என்று எழுதும் நம் பாடநூல்கள் இந்தப் பட்டியலையும் அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அறிவியல் ஒரு வீட்டுச் சமையலறைக்கு எவ்வளவு பக்கத்தில் நடந்தது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளும்.

லென்ஸ் வழியே செல்லும் ஒளி நிறங்களாகப் பிரிவதால் உருவத்தைச் சுற்றி வண்ண விளிம்பு படரும். அதைக் குறைக்க விரும்பியவர்கள் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். டான்சிக் நகரில் வானியலாளர் ஹெவேலியஸ் கம்பத்தில் தொங்கவிட்ட தொலைநோக்கி 45 மீட்டர் நீளம் இருந்தது. இந்தச் சிக்கலிலிருந்து நியூட்டன் வேறு வழியில் விலகினார். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் பிரியாது என்பதால், 1668-இல் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வார்த்து, 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய விட்டமுள்ள குழி ஆடியைத் தாமே தேய்த்துச் சிறியதொரு எதிரொளிப்புத் தொலைநோக்கி செய்தார். கீலைப் படுக்கையாக்கி அதன் மேல் ஆடியை மெருகேற்றும் முறையையும் அவர் எழுதி வைத்துள்ளார். இன்று உலகெங்கும் வீடுகளில் ஆடி செய்வோர் கையாளும் முறையும் அடிப்படையில் அதுதான்.

நம் மாணவர்களுக்கு நான் மிகுதியும் எடுத்துச் சொல்ல விரும்பும் குடும்பம் ஹெர்ஷெல் குடும்பம். வில்லியம் ஹெர்ஷெல் இங்கிலாந்தின் பாத் நகரில் இசை கற்பித்துப் பிழைத்தவர். நல்ல தொலைநோக்கி வாங்கும் வசதி இல்லாததால் 1773-இல் ஆடி தேய்க்கத் தொடங்கினார். தங்கை கரோலின் எழுதி வைத்த குறிப்புகளில், அண்ணன் ஒரு முறை 16 மணி நேரம் ஆடியை விட்டுக் கையெடுக்காமல் மெருகேற்றியதும், அவ்வேளையில் தாம் உணவை அவர் வாயில் ஊட்டியதும் பதிவாகியிருக்கின்றன. 1781 மார்ச் 13 இரவு, தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியிருந்த சுமார் 6.2 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியில் யுரேனஸ் கோளை அவர் கண்டார். பழங்காலம் முதல் அறியப்பட்ட கோள்களின் எண்ணிக்கையை, பல்கலைக்கழகத்தைச் சேராத ஒருவர், கொல்லைப்புறத்தில் நின்று மாற்றினார். அதே ஆண்டு கோடையில் அவர்கள் 3 அடி ஆடி வார்க்க முனைந்ததும் இந்தக் கதையில் சேர வேண்டியதே. குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்து அச்சு செய்தார்கள்; உலையிலிருந்து கசிந்த உலோகம் தரையில் ஓடி, பாவியிருந்த கற்கள் வெடித்துத் தெறிக்க, எல்லோரும் உயிர் தப்ப வெளியே ஓடினார்கள். கரோலின் பிற்பாடு 8 வால்மீன்களைக் கண்டறிந்தார். ஆடி தேய்த்த அந்த வீட்டில் தூள் சலித்தவரும் அவரே என்பதைப் பெண் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில் நான் தவறாமல் சொல்லி வந்திருக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உலோகத்தின் இடத்துக்கு வெள்ளி பூசிய கண்ணாடி வந்தது. அதே காலத்தில் பிரான்சின் ஃபூக்கோ, ஒரு விளக்கையும் ஒரு கத்தி விளிம்பையும் மட்டும் கொண்டு ஆடியின் வடிவத்தைச் சோதிக்கும் முறையைக் கண்டார். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற சிற்றூரில், 1920-இல் ரஸ்ஸல் போர்ட்டர் ஆடி தேய்க்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் 15 ஆண்களும் ஒரு பெண்ணும். பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். அந்த வகுப்பைப் பற்றி 1925-இல் பத்திரிகையில் வந்த கட்டுரையே அந்நாட்டில் வீட்டுத் தொலைநோக்கி இயக்கம் பரவக் காரணமாயிற்று. ஒரு பத்திரிகை நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கான்சாஸ் மாநிலத்து விவசாயி மகன் கிளைட் டாம்பா, ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்து கல்லூரிக்குப் போக முடியாமல் நின்றவர். முதலில் செய்த ஆடி சரியாக அமையாததால், காற்று அசையாத இடத்தில் சோதிப்பதற்காக ஏறக்குறைய 24 அடி நீளத்துக்கு நிலவறை தோண்டினார். பழைய பியூக் காரின் பாகத்தையும் பாலேடு பிரிக்கும் இயந்திரத்தின் உறுப்புகளையும் சேர்த்து 9 அங்குலத் தொலைநோக்கி கட்டினார். அதில் கண்ட செவ்வாய், வியாழன் படங்களை வரைந்து லோவெல் வான் ஆய்வகத்துக்கு அனுப்பியதால் வேலை கிடைத்தது. 1930 பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைக் கண்டுபிடித்தார். கலிஃபோர்னியாவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் நிறுத்தி, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் அழைத்துச் சந்திரனைக் காட்டினார். பெரிய தொலைநோக்கியை ஏழையும் கட்டலாம் என்ற நிலை அவருடைய எளிய தாங்கியால் வந்தது.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஏசு சபைப் பாதிரியார் ரிச்சோ, ஆல்ஃபா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரட்டை என்று தம் தொலைநோக்கியில் கண்டார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பது பற்றி மக்களுக்காகச் சிறுநூலும் எழுதினார். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் ஆடி வெளிநாட்டிலிருந்து மெருகேற்றி வந்ததன்று. பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. அதைத் திட்டமிட்ட வைணு பாப்பு, அது முடிவதைக் காணாமல் 1982-இல் மறைந்தார். இவ்வளவு பெரிய ஆடியைத் தேய்க்கும் கைத்திறன் நம்மிடையே இருக்கும்போது, அந்த மலையடிவாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சிறிய ஆடியைக்கூடத் தொட்டுத் தேய்த்துப் பார்க்காமல் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செய்முறைக்கு வருகிறேன். முதற்படியாக லென்ஸ் தொலைநோக்கி ஒன்று போதும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பிளஸ் ஒன் பவர் உள்ள, சட்டத்துக்கு வெட்டப்படாத முழு வட்ட லென்ஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் குவியத் தொலைவு 1 மீட்டர். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லூப்பில் 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவு உள்ளதைக் கண்ணருகு லென்ஸாக வைத்தால் 20 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். ஒன்றினுள் ஒன்று வழுக்கும் இரண்டு பிவிசி குழாய்கள், உட்புறம் கறுப்புத் தாள், லென்ஸின் முன்னால் 25 மில்லிமீட்டர் துளையிட்ட அட்டை வளையம் ஆகியவையே மற்றவை. அந்த வளையத்தைக் கட்டாயம் வைக்க வேண்டும். கலிலியோவும் அப்படித்தான் லென்ஸின் ஓரத்தை மறைத்தார். நிலவின் பள்ளங்களும் வியாழனின் நான்கு துணைக்கோள்களும் இதிலேயே தெரியும். எந்தத் தொலைநோக்கியாலும் சூரியனை நேரடியாகப் பார்க்கக் கூடாது. நொடிப்பொழுதில் பார்வை போய்விடும் என்பதைக் குழந்தைகள் கையில் குழாயைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி ஆடி. 150 மில்லிமீட்டர் விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட ஆடி முதல் முயற்சிக்கு ஏற்றது. அதற்குத் தேவையான குழியின் நடு ஆழம் வெறும் 1.2 மில்லிமீட்டர் அளவே. தடித்த கண்ணாடி வட்டுகள் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றை இடுப்பளவு உயரமுள்ள ஓர் இரும்பு டிரம்மின் மேல் அசையாமல் பொருத்த வேண்டும். அதன் மேல் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புத் தூளை ஈரமாக்கி இட்டு, மற்றொரு வட்டை மேலே வைத்து, முன்னும் பின்னுமாகத் தள்ள வேண்டும். சில தள்ளல்களுக்கு ஒரு முறை மேல் வட்டைக் கையிலேயே சற்றுத் திருப்பி, டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகர வேண்டும். மேல் வட்டு விளிம்பைத் தாண்டி நீளும்போதெல்லாம் அதன் நடுவிலும் கீழ் வட்டின் ஓரத்திலும் அழுத்தம் கூடுவதால், மேல் வட்டு குழியாகவும் கீழ் வட்டு மேடாகவும் தேய்கின்றன. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தும் வடிவம் கோளம் ஒன்றே. ஆகவே கை நடுங்கும் பிள்ளை தேய்த்தாலும், திருப்புவதை மறக்காதவரை, கண்ணாடி தானாகவே கோளக் குழியாகிவிடுகிறது. கையின் ஒழுங்கின்மையிலிருந்து இத்தகைய ஒழுங்கு பிறப்பதைப் போன்ற ஒரு பாடத்தை வேறு எந்தச் சோதனையிலும் நான் கண்டதில்லை.

தூள் 80 எண்ணில் தொடங்கி 120, 220, 320, 400, 600 என்று எண் கூடக் கூட நுண்மையாகிக்கொண்டே போகும். புதுத் தூள் இட்டவுடன் கரகரவென்று எழும் ஓசை தேயத் தேய மெலிந்து வழுவழுப்பாகும்போது தூளை மாற்ற வேண்டும் என்பதைக் காதே சொல்லிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே டிரம், வாளி, துணி, நகக்கண் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். மேசையில் விரித்த பழைய செய்தித்தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். ஏனெனில், முந்தைய கட்டத்தின் ஒரே ஒரு மணி எங்காவது ஒட்டியிருந்தாலும் நாள் முழுதும் செய்த வேலையில் நீண்ட கீறல் விழுந்துவிடும். இறுதியில், கீல் காய்ச்சி ஊற்றிச் சதுரங்களாகக் கோடு கிழித்த படுக்கையின் மேல் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூளை நீரில் கலந்து இட்டு மெருகேற்றும்போது, பனி மூடியது போலிருந்த கண்ணாடி நடுவிலிருந்து தெளிந்து வரும்.

மெருகேறிய ஆடியை எழுபது நானோமீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சோதிக்க வேண்டும் என்றால் எவரும் மலைப்பார்கள். மனிதத் தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. இங்கேதான் ஃபூக்கோவின் முறை கைகொடுக்கிறது. ஆடியைச் சுவரோரம் நிறுத்தி, 2400 மில்லிமீட்டர் தள்ளி, ஊசித்துளையிட்ட தகரத்துக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கையும் அதன் அருகில் ஒரு சவர பிளேடையும் வைக்க வேண்டும். பூச்சு இல்லாத வெறும் கண்ணாடி தன் மேல் படும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கையே திருப்பி அனுப்பும். சோதனைக்கு அதுவே போதும். திரும்பி வந்து குவியும் ஒளிப்புள்ளியை பிளேடின் விளிம்பு மெல்ல வெட்டும்போது, ஆடி சரியான கோளமாக இருந்தால் முழுப் பரப்பும் ஒரே சீராக இருளும். எங்கேனும் மேடு பள்ளம் இருந்தால் அவை ஒளியும் நிழலுமாகத் துலங்கும். மாணவர்களிடம் நான் செய்யச் சொல்வது ஒன்று உண்டு: கட்டைவிரலைக் கண்ணாடியின் மேல் சில நொடிகள் வைத்து எடுத்துவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். விரலின் சூட்டில் கண்ணாடி வீங்கிய இடம் ஒரு குன்றாக எழுந்து நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் தணிந்து மறையும். திடப்பொருள் வெப்பத்தால் விரிவடையும் என்று மனப்பாடம் செய்திருந்த பிள்ளை, தன் விரல் பட்டுக் கண்ணாடி விரிந்ததைத் தன் கண்ணாலேயே பார்க்கிறது. நான் கற்பித்த காலத்தில் வகுப்பறையில் இதற்கு ஈடான வியப்பை எந்தக் கருவியும் தந்ததில்லை.

ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் குவிவதற்காகக் கோளத்தைப் பரவளையமாக்க நடுப்பகுதியைச் சற்றே கூடுதலாக மெருகேற்றினால் போதும். மேலே சொன்ன அளவுள்ள ஆடி கோளமாகவே இருந்துவிட்டாலும் கோள்களையும் நிலவையும் நன்றாகவே காட்டும். ஒளியைக் குழாயின் பக்கவாட்டுக்குத் திருப்புவதற்காகச் சாய்வாக வைக்கும் சிறு தட்டை ஆடியையும் கண்ணருகு லென்ஸையும் விலைக்கு வாங்குவதே நல்லது. தாங்கியைத் தச்சரிடம் ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளலாம். எல்லாம் சேர்ந்தாலும் நடுத்தரமான ஒரு கைபேசியின் விலையைத் தாண்டாது.

வீட்டில் செய்ய இயலாத வேலை ஒன்றே ஒன்றுதான். மெருகேறிய கண்ணாடியின் மேல் வெற்றிட அறையில் அலுமினியத்தைப் படிய வைப்பது. வெள்ளி நைட்ரேட் கொண்டு வெள்ளி பூசும் பழைய முறை உண்டென்றாலும், அந்தக் கரைசலை விட்டுவைத்தால் வெடிக்கும் பொருளாக மாறக்கூடும் என்பதால் மாணவர்களிடம் அதைக் கொடுக்க மாட்டேன். இந்த ஒரு தடையால், தேய்த்து முடித்த ஆடிகள் வெறும் கண்ணாடியாகவே அலமாரியில் தங்கிவிடுகின்றன. காவலூரில் பெரிய ஆடிக்குப் பூச்சு போடும் வெற்றிட அறை இருக்கிறது. புணேயில் உள்ள ஐயுகா என்ற வானியல் ஆய்வு மையம் ஆடி தேய்க்கும் பயிலரங்குகளை நடத்தி வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, மாவட்ட வாரியாக ஆடிகளைத் திரட்டி ஒரே தவணையில் பூச்சு போட்டுத் தர இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்வர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அரசிடம் கேட்பது இதைவிடச் சிறியது. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் திட்டம் செய்து கற்பதையே நோக்கமாகக் கொண்டது. அதன் கீழோ, மாவட்ட மைய நூலகத்திலோ, தண்ணீர்க் குழாயும் இரண்டு மூன்று டிரம்களும் சோதனைக்கு 3 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறையை ஒதுக்கினால் போதும். பள்ளிகளுக்கு ஆயத்தத் தொலைநோக்கிகளை வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று அதிகாரிகள் கூறலாம். நான் அறிந்த ஒரு பள்ளியில் அப்படி வந்த கருவி, உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தினாலேயே பூட்டிய அலமாரியை விட்டு வெளியே வராமல் பூஞ்சை பிடித்துப் போயிற்று. தானே செய்த கருவியைப் பிரிக்கவோ துடைக்கவோ மாணவன் அஞ்ச மாட்டான். பழுதானால் மறுபடியும் தேய்ப்பான். தேர்வுக்கு நேரமில்லை என்பார்கள். கோடை விடுமுறையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஓர் ஆடி முடிந்துவிடும். தூள் உடம்புக்கு ஆகாது என்ற அச்சமும் வேண்டியதில்லை. எல்லாத் தேய்ப்பும் ஈரத்திலேயே நடக்கிறது, சிந்தியதைக் காயவிடாமல் துடைத்தால் தூசி எழாது.

தங்கள் நாளிதழ் மாணவர் பக்கத்தில் ஆடி தேய்க்கும் முறையைப் படங்களுடன் வாரந்தோறும் தொடராக வெளியிட வேண்டும். கார்போரண்டம், சீரியம் ஆக்சைடு, கண்ணாடி வட்டு ஆகியவை நம் ஊர்களில் எந்தக் கடைகளில் கிடைக்கின்றன என்பதை வாசகர்களிடமே கேட்டுத் திரட்டி அச்சிட்டால், வரும் கோடை விடுமுறைக்குள்ளேயே பல வீடுகளில் வேலை தொடங்கிவிடும். செய்முறை விளக்கம் எழுதித் தரவும், அருகில் உள்ள பள்ளிகளுக்கு நேரில் வந்து தேய்த்துக் காட்டவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருப்பத்தூர் மாவட்டம்.